சாஹிப்தீன் வரைந்த இராகங்கள்

ஹிஜ்ரி 999 ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1591 இல், காசிக்கு அண்மையில் கங்கைக் கரையிலுள்ள சுனார் என்னும் கோட்டை நகரில் ஓர் ஓவியத் தொகுதி வரைந்து முடிக்கப்பட்டது. அதிலே பாரசீக மொழியில் ஒரு குறிப்பு எழுதப்பட்டுள்ளது. வரைந்தவர்களின் பெயர்களை அது தருகிறது: ஷெய்கு ஹுசைன், ஷெய்கு அலி, ஷெய்கு ஹாத்திம். ஷெய்கு பூல் சிஷ்தி என்ற தந்தையின் பெயரும் அதில் உண்டு. மீர் சையித் அலி, குவாஜா அப்துஸ் ஸமத் ஆகிய இருவரின் மாணாக்கர் என்றும் அக்குறிப்பு இவர்களை அறிமுகப்படுத்துகிறது. ஈரானியரான அந்த இரு ஆசான்களும் ஹுமாயூனால் அழைத்துவரப்பட்டவர்கள். முகலாய ஓவியக்கூடத்துக்கு அத்திவாரமிட்டவர்கள்.

குறிப்பைப் படித்துவிட்டு ஓவியங்களுக்குத் திரும்பினால் நாம் காண்பவை மஸ்ஜிதுகளோ அரசவைக் கொலுவோ போர்க்களமோ அல்ல. இராகங்களும், அவற்றின் மனைவியராகக் கருதப்பட்ட இராகினிகளும் அங்கே மனித உருவில் இருக்கின்றன. இத்தகைய தொகுதிகளையே இராகமாலா என்பர். (பல இராகங்களில் அமைந்த ஒரே பாடலை நாம் இராகமாலிகை என்கிறோமே, அதுவல்ல இது.) பைரவியைச் சிவலிங்கத்தின் முன் வழிபடும் பெண்ணாகவும், மேகராகத்தைக் கார்முகிலின் கீழ் ஆடும் கண்ணனாகவும், ஹிந்தோளத்தை ஊஞ்சலாகவும் இவை காட்டுகின்றன. ஆறு இராகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து இராகினிகள், ஆக முப்பத்தாறு ஓவியங்கள் என்பது வழமையான கணக்கு.

சுனார் தொகுதி பூந்தி அரசர் போஜ் சிங்குக்காக வரையப்பட்டது என்று கருதப்படுகிறது. அது எப்படியாயினும், அதன் அமைப்புகளையே பூந்தியிலும் கோட்டாவிலும் ஏறத்தாழ இருநூறு வருடங்களாக ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்தார்கள் என்பதில் ஐயமில்லை. மரத்தின் சாய்வு, மண்டபத்தின் இடம், பெண் கால் மடித்து அமரும் விதம் என்பன கூடத் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டன. இராஜபுத்திர ஓவியத்தின் தனிச்சொத்து என்று நூல்கள் சிலாகிக்கும் ஒரு மரபின் மூலப்படிகளை வரைந்தவர்கள் பாரசீகத்தில் கையொப்பமிட்ட மூன்று ஷெய்குமார் என்பது இலேசாகக் கடந்துபோகக்கூடிய செய்தியல்ல.

இங்கே ஆனந்த குமாரசுவாமியைப் பற்றிப் பேசாமலிருக்க முடியாது. 1877 இல் கொழும்பில் பிறந்த அவர்தான் 1916 இல் வெளியான 'ராஜ்புத் பெயின்ரிங்' என்ற இரு பாக நூலின் மூலம் இந்த ஓவியங்களை உலகறியச் செய்தார். அதற்கு முன்னர் இவை முகலாய ஓவியத்தின் மலிவான நிழல்களாகவே பார்க்கப்பட்டன. குமாரசுவாமி அந்தப் பார்வையை உடைத்தார். ஆனால் உடைத்த கையோடு இன்னொரு மதிலையும் எழுப்பினார். முகலாய ஓவியம் அரசவை சார்ந்தது, உலகியலானது, தனிமனித முகங்களில் நாட்டம் கொண்டது. இராஜபுத்திர ஓவியமோ மக்கள் வாழ்விலும் இந்து சமய உணர்விலும் வேரூன்றியது, பழைய சுவரோவிய மரபிலிருந்து வருவது என்று இரண்டையும் அவர் பிரித்து வைத்தார். அவர் எழுதிய காலத்தில் சுனார் குறிப்பு ஆய்வுலகுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆகவே அவரைக் குற்றம் சொல்வது நியாயமன்று. ஆயினும் அந்தப் பிரிப்பு அவரோடு முடிந்துவிடவில்லை. இன்றும் பொதுவாசகருக்கான படப்புத்தகங்களிலே முகலாய அத்தியாயத்தில் முஸ்லிம்கள், ராஜஸ்தானிய அத்தியாயத்தில் இந்துக்கள் என்ற ஒழுங்கைப் பார்க்கலாம். ஓவியர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கியதும் அந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது.

மேவாரை எடுத்துக்கொள்வோம். முகலாயருக்குப் பணியாத இராஜபுத்திர அரசு என்று வரலாற்றில் புகழ்பெற்றது அது. ராணா பிரதாப் 1597 இல் சாவந்தில் இறந்தார். அவரது மகன் அமர் சிங் 1615 வரை முகலாயரோடு போரிட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் போர்க்காலத்தின் நடுவே, 1605 இல், அதே சாவந்தில் ஓர் இராகமாலாத் தொகுதி வரையப்பட்டது. வரைந்தவர் பெயர் நஸீருத்தீன். 'இந்து எதிர்ப்புணர்வின் கோட்டை' என்று பிற்காலத்தவர் கட்டியெழுப்பிய இடத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் ஓவியரின் பெயர் இது! அவருடைய ஓவியங்களில் சுனாரின் நளினம் இல்லை. தட்டையான சிவப்பு, கரும்பச்சை, தடித்த கோடு, பெரிய கண்கள். முகலாயக் கூடத்தின் தூர நெருக்கம் காட்டும் உத்திகளை அவர் நாடவில்லை. ஆக, ஓவியரின் சமயத்தை வைத்து ஓவியத்தின் பாணியைச் சொல்லிவிட முடியாது.

அதன் பின்னர்தான் சாஹிப்தீன் வருகிறார். முதலாம் ஜகத் சிங்கின் ஆட்சியில், 1628 இல் உதயபூரில் அவர் ஓர் இராகமாலாவை வரைந்தார். மறுவருடம் கீதகோவிந்தம். அவரது கூடத்தில் நஸீருத்தீனின் சிவப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் கோடு மெலிந்துவிட்டது, உருவங்கள் அசையத் தொடங்கிவிட்டன. பெண்ணின் மேலாடை காற்றில் பறப்பதை அவர் வரையும்போது அந்த ஆடைக்கு ஊடாகத் தெரியும் பாவாடையின் பூ வேலையும் தெரிகிறது. முகலாய ஓவியத்தை அவர் பார்த்திருக்கிறார் என்பது நிச்சயம். பார்த்ததில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்திருக்கிறார் என்பதும் நிச்சயம். என் கணிப்பில், முழு இராகமாலா மரபிலும் குறைந்த பொருட்களைக் கொண்டு அதிகம் சொன்னவர் இவர்தான். பிற்காலப் பூந்தி ஓவியங்களில் தாமரைத் தடாகம், வாழைமரம், யானை, மயில் எல்லாம் ஒரே ஏட்டில் நெரிசற்பட்டுக் கிடக்கும். சாஹிப்தீனுக்கு ஒரு மண்டபம், ஒரு மரம், இரண்டு மனிதர்கள், மேலே செய்யுள் எழுதிய மஞ்சள் பட்டி ஆகியன போதும்.

இனி, பலரும் தவிர்த்துவிடும் ஒரு கேள்விக்கு வரவேண்டும். இவை உண்மையில் இசையின் ஓவியங்களா?

ஓர் ஓவியத்தைப் பார்த்து அந்த இராகத்தைப் பாடிவிட முடியாது. சுரமும் இல்லை, தாளமும் இல்லை. ஓவியத்தின் தலைப்பில் எழுதப்பட்டிருப்பது ஒரு செய்யுள். இராகத்தை ஒரு தெய்வமாக, நாயகனாக, நாயகியாக மனதில் இருத்துவதற்காக இசை நூலோர் இயற்றிய தியான சுலோகங்களும், அவற்றை அடியொற்றிப் பின்னர் எழுந்த இந்திப் பாக்களுமே இவை. ஓவியர் வரைந்தது செய்யுளைத்தான், பண்ணை அல்ல என்று சொல்வோர் உண்டு. 1973 இல் வெளியான கிளவுஸ் எபெலிங்கின் பெருநூல், ராஜஸ்தானியத் தொகுதிகளில் மிகப் பரவலாகக் காணப்படும் இராக வரிசையை 'ஓவியர் முறை' என்றே பெயரிட்டு அழைக்கிறது. இசைக்கலைஞரின் பட்டியலை விட்டு ஓவியர்கள் தமக்கென ஒரு பட்டியலைப் பேணி வந்தார்கள் என்பதே இதன் பொருள். இராகங்களின் சுர அமைப்போ காலத்துக்குக் காலம் மாறியது. இன்று தோடி என்று பாடப்படுவதையும், வீணை ஏந்திய பெண்ணைச் சூழ மான்கள் மயங்கி நிற்கும் தோடி ஓவியத்தையும் ஒன்றோடொன்று பொருத்த முனைவது வீண்வேலை.

இந்த வாதத்தில் பெரும்பகுதி சரியானது. எனினும் அதை முழுவதுமாக ஏற்க நான் தயங்குகிறேன். லலித், விபாஸ் என்ற இரண்டையும் பாருங்கள். லலிதா ஓவியத்தில் பெண் உறங்குகிறாள்; இரவு முழுதும் உடனிருந்த காதலன் விடியுமுன் வெளியேறுகிறான், வாசலில் திரும்பிப் பார்க்கிறான். விபாஸ ஓவியத்தில் காதலன் கையில் பூக்களாலான வில்லும் அம்பும். விடியலை அறிவிக்கும் பறவையை நோக்கி அவன் குறி வைக்கிறான். அது கூவாவிட்டால் இரவு நீளும் அல்லவா! இந்த இரண்டு இராகங்களும் இன்றும் வட இந்தியாவில் விடியலை ஒட்டியே பாடப்படுகின்றன. மேகம் இன்றும் மழைக்குரியது. வசந்தமும் ஹிந்தோளமும் இன்றும் இளவேனிலுக்குரியவை. சுரங்கள் மாறின, பொழுது மாறவில்லை. இசையிலிருந்து ஓவியம் எடுத்துக்கொண்டது ஒலியை அல்ல, அந்த ஒலிக்குரிய வேளையை.

தமிழ் வாசகருக்கு இது ஒன்றும் புதுமையாக இராது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் கூறும்போது தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை, செய்தி என்பவற்றோடு யாழையும் சேர்த்தே சொல்கிறது. நிலமும் பொழுதும் பண்ணும் மனநிலையும் ஒரே முடிச்சில் கட்டப்படும் அந்த முறை, ஓவியத்துக்கு வெகுகாலம் முன்பே எமது கவிதையில் இருந்தது. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இராகமாலாவை விளங்கிக்கொள்ளத் தமிழ் வாசகர் வேறெங்கும் போய்ப் பயிற்சி பெறவேண்டியதில்லை என்பதே விடயம்.

ஒலி நேரடியாக ஓவியத்துக்குள் நுழைந்த இடமும் ஒன்று உண்டு. ராஜஸ்தானை விட்டு இமயமலை அடிவாரத்துப் பஹாடி அரசுகளுக்குச் செல்லவேண்டும். அங்கே ஓவியர்கள் பின்பற்றியது 1570 இல் மேஷகர்ணர் எழுதிய நூல். அவர் இராகங்களுக்கு மனைவியரோடு எட்டு எட்டாகப் பிள்ளைகளையும் கொடுத்தார். தொகுதி எண்பதுக்கும் மேற்பட்டதாகப் பெருகியது. குடும்பம் பெருத்தால் பெயர் வைப்பதே பாடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி முகம் தேடுவது அதைவிடப் பெரும்பாடு. ஆனால் மேஷகர்ணர் இன்னொன்றும் செய்தார். பறவை விலங்குகளின் குரல்களோடும், வீட்டிலும் வெளியிலும் நாளாந்தம் கேட்கும் ஓசைகளோடும் இராகங்களை ஒப்பிட்டார். பசோலி ஓவியர்கள் சிலர் தியான சுலோகத்தின் நாயக நாயகியரைத் தள்ளிவிட்டு அந்த ஓசையையே வரைந்தார்கள். கிணற்றில் நீர் அள்ளுவதும் தயிர் கடைவதும் இராகமாயின. முழு மரபிலும் இதுவே துணிவான செயல் என்று எனக்குப் படுகிறது. காதலும் பிரிவும் சலித்துப்போகும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வரையப்பட்ட ஒரு மரபில் ஒரு பெண் மத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரிய ஆறுதல்.

மீண்டும் பெயர்களின் பிரச்சினைக்கு வருவோம். இந்த மரபோடு முஸ்லிம்களுக்கிருந்த உறவு, கூலிக்கு வரைந்த ஓவியரோடு மட்டும் நின்றுவிடவில்லை. 1503 இல் குத்பன் என்ற சூபிக் கவிஞர் இயற்றிய 'மிருகாவதி' என்ற காவியத்தில் ஆறு இராகங்களும் அவற்றின் துணைவியரும் வரிசையாகக் கூறப்படுகின்றனர். பிரிவுத்துயரை ஆன்மாவின் தவிப்பாக வாசித்த சூபி மரபு அது. மனோன்மணிக் கண்ணியை அறிந்த நமக்கு அந்த வாசிப்பு அந்நியமானதல்ல. தக்காணத்தில் பீஜப்பூரை 1580 முதல் 1627 வரை ஆண்ட இரண்டாம் இப்றாஹீம் ஆதில் ஷா 'கித்தாபே நவ்ரஸ்' என்ற பாடற் தொகுதியைத் தக்கினி மொழியில் ஆக்கினார். பாடல்கள் இராகங்களின் கீழ் வகுக்கப்பட்டுள்ளன. சில பாடல்கள் இராகங்களையே உருவங்களாக வர்ணிக்கின்றன. சரஸ்வதியையும் குல்பர்காவில் அடங்கியிருக்கும் கேசு தராஸ் அவர்களையும் ஒரே நூலில் வைத்துப் பாடிய அரசர் அவர். தமது தம்புராவுக்கு மோத்தி கான் என்று பெயர் வைத்திருந்தார்.

ஔரங்கசீப் இசையைப் புதைத்தார் என்ற கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சிலர் அதை அவருக்கு எதிராகச் சொல்வர். எமக்குள்ளே சிலர் அதையே அவருக்குச் சிறப்பாகச் சொல்வர். கதரின் பட்லர் ஸ்கோஃபீல்ட் 2007 இல் வெளியிட்ட கட்டுரையில் மூலச்சான்றுகளை நிதானமாக எடைபோட்டு, அரசர் தாம் இசை கேட்பதைக் கைவிட்டாரேயன்றி நாடெங்கும் இசை தடைசெய்யப்பட்டது என்பதற்கு ஆதாரம் போதாது என்று காட்டினார். ஃபகீருல்லாஹ்வின் 'ராக் தர்பண்', மிர்ஸா கானின் 'துஹ்ஃபத்துல் ஹிந்த்' ஆகிய பாரசீக நூல்கள் இராகங்களைப் பற்றிப் பேசுவது அந்த ஆட்சியிலேதான். அவர் தடைசெய்யவில்லை என்று நிறுவப்படுவது இரு சாராருக்கும் உவப்பாக இல்லாததில் வியப்பில்லை.

எமது எழுத்துச் சூழலில் இத்தகைய செய்திகள் இரண்டு வகையாகவே கையாளப்படுகின்றன. ஒன்று, உருவம் வரைவதும் இசையும் மார்க்கத்தில் பிரச்சினைக்குரியவை, எனவே இதைப் பேசவே வேண்டாம் என்ற மௌனம். மற்றது, 'ராஜபுத்திர ஓவியத்தின் தந்தை ஒரு முஸ்லிம்' என்ற தலைப்போடு பெருமைப் பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்த்துவிடுவது. மார்க்கத் தீர்ப்பைச் சொல்ல ஆலிம்கள் இருக்கிறார்கள். விமர்சகனின் வேலை அதுவன்று. ஆனால் இரண்டாவது வகை விமர்சகனின் எல்லைக்குள் வருகிறது. அது எனக்கு மௌனத்தைவிட அதிக சங்கடம் தருகிறது. ஏனெனில் அங்கே ஓவியத்தை எவரும் பார்ப்பதில்லை. பெயரைப் பார்த்தவுடன் வேலை முடிந்துவிடுகிறது. சாஹிப்தீன் வீட்டில் எப்படி வாழ்ந்தார், என்ன தொழுதார், தாம் வரைந்த கண்ணனைப் பற்றி என்ன நினைத்தார் என்பதற்கெல்லாம் அவருடைய ஓவியம் சாட்சி சொல்லாது. சொல்ல வேண்டிய கடமையும் அதற்கில்லை. ஓவியத்தில் தெரிவது ஒரு தொழிலின் நேர்மை. லிங்கத்தின் முன் அமர்ந்த பெண்ணின் விரல்களில் பூ எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதை வேறொருவரின் வழிபாடு என்று அலட்சியமாக வரையாமல் பார்த்து வரைந்த கை அது. குமாரசுவாமியின் மதிலை மறுபக்கத்திலிருந்து நாம் பூசிக் கட்டினால் அந்தக் கை நமக்கும் தெரியாமற் போய்விடும்.

ஆசாவரி இராகினியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. மயிற்பீலி ஆடை உடுத்த மலைச்சாதிப் பெண்ணொருத்தி பாறை மீது அமர்ந்திருப்பாள். சந்தன மரங்களைச் சுற்றிக் கிடக்கும் பாம்புகள் அவளது இசை கேட்டு அவளிடம் வரும். செய்யுள் அவளை இருத்துவது மலய மலையின் உச்சியில். மலயம் என்றால் தெற்கின் சந்தன மலை, எமது இலக்கியத்தின் பொதியம். சாஹிப்தீன் போன்றோர் வாழ்ந்த ராஜஸ்தானத்துக்கும் பொதியத்துக்கும் இடையே இந்தியாவின் முக்கால் பங்கு கிடக்கிறது. ஆகவே அவர்கள் வரைந்த மலயம் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக, ஈரானிய ஓவியங்களின் பாறைகளைப் போலக் குமிழ்த்துக்கொண்டு நிற்கும். தெற்கின் மலை, சமஸ்கிருதச் செய்யுள், ஈரானியப் பாறை, பழங்குடிப் பெண். நான்கும் ஒரு கையகல ஏட்டில்.

கண்டிராத இடத்தை வரையும் இந்த வேலையை சாஹிப்தீன் இன்னும் பெரிதாக ஒருமுறை செய்தார். ஜகத் சிங்குக்காக 1649 இல் தொடங்கி 1653 இல் நிறைவுற்ற இராமாயணப் பிரதியில் யுத்தகாண்டம் அவருடைய பங்கு. அதற்குரிய ஆண்டு 1652. எழுத்தைப் பிரதிசெய்தவர் ஹீரானந்தர் என்ற ஜைனர். அந்தப் பிரதியின் பெரும்பகுதி லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. பல இடங்களில் சிதறியிருந்த ஏடுகளை 2014 இல் மும்பை அருங்காட்சியகத்தோடு சேர்ந்து மின்வடிவில் ஒன்றிணைத்திருக்கிறார்கள், யாரும் பார்க்கலாம். இராகமாலாவில் ஒரு மண்டபத்தோடும் ஒரு மரத்தோடும் நிறைவு கண்டவர் இங்கே ஒரே ஏட்டுக்குள் மூன்று நான்கு சம்பவங்களை அடுக்குகிறார். அதே ஆள் ஒரே ஓவியத்தில் பலமுறை தோன்றுகிறான். படைகளுக்கு நடுவே, பொன்னிற மதில்கள் சூழ, மேல்மாடங்களோடு ஒரு நகரம் திரும்பத் திரும்ப வருகிறது. உதயபூரை விட்டு வெகுதூரம் போயிராத ஒருவர், உதயபூரின் மாடங்களை வைத்துக் கட்டிய இலங்கை அது.